ஹெட்கிளார்க்கின் இடது கால்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது. வீங்கிய காலை ஒரு நீள உறைக்குள் விட்டால், பாதத்திலிருந்து தொடைவரை அறை அறையாகக் காற்று நிரம்பி, காலை மேல்நோக்கிப் பிழிந்துவிடுகிறது. சென்ற மாதம் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது பிசியோதெரபிப் பிரிவினர் அதைப் பெருமையோடு காட்டினார்கள். "உங்க காலத்துல இதுக்கு என்ன சார் பண்ணுனீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "போலீஸ் பட்டி கட்டினோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதை நிறுவவே இதை எழுதுகிறேன்.

நடந்தது அறுபதுகளின் நடுவில். ஆண்டும் தேதியும் என் நோட்டில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவரின் மக்கள் இன்னும் இதே ஊரில் இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். தேதியை விடுவது எனக்கு எவ்வளவு சிரமம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் போர்ட் பிளேரில் கப்பலிலிருந்து இறங்கியது ஒரு புதன்கிழமை. எட்டு மாதம் வார்டு ஆர்டர்லி. பிறகு இரண்டு வருடம் அந்தமானிலேயே லாங் ஐலண்டில், மரம் அறுப்பவர்களின் விரல்களுக்குக் கட்டுப் போடும் வேலை. அங்கே இருபது நாள் செய்தித்தாள்கள் ஒரே கட்டாகக் கப்பலில் வரும். நான் தேதி வரிசையில், நாளுக்கு ஒன்றாகத்தான் படிப்பேன். மற்றவர்கள் கடைசித் தாளை முதலில் படித்துவிட்டு ஓர் அமைச்சர் ராஜினாமா செய்ததைப் பற்றிப் பேசினால் காதைப் பொத்திக்கொண்டு நடப்பேன். என் கணக்குப்படி அவர் இன்னும் பதவியில் இருந்தார். இந்தப் பயிற்சியோடு டிரஸ்ஸராகப் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்து டாக்டர் பர்னாந்துவிடம் சேர்ந்தேன்.

டாக்டர் தூத்துக்குடிக்காரர். ஸ்டெதாஸ்கோப்பைப் பையில் போட்டுக்கொள்வார். கழுத்தில் தொங்குவது தையல்காரர் நாடா. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நோயுற்ற உறுப்பைப் பார்த்து, அறிமுகமானவருக்குத் தலையசைப்பதுபோல் அசைப்பார். குரலை உயர்த்திக் கேட்டதில்லை. 'சற்று', 'போதுமான', 'இயன்றவரை' போன்ற சொற்களை அவர் சர்டிபிகேட்டில் எழுதியதே கிடையாது. "ஒரு வார்த்தை தொளதொளன்னு இருந்துச்சுன்னா ஆபீஸ்காரன் அதுக்குள்ள லாரியே ஓட்டிருவான்ல" என்பார்.

ஜூன் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை வேலாயுதம் வந்தார். டெலானிபூரில் ஓர் அலுவலகத்தின் ஹெட்கிளார்க், கும்பகோணத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு. வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல் இறங்கி, கணுக்கால் என்ற ஒன்றே இல்லாமல் பாதத்தில் முடிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் யானைக்கால் புழு எதுவும் இல்லை. அது ஊரிலேயே எப்போதோ உள்ளே புகுந்து, இருந்து, செத்தும் போயிருந்தது. அது செய்த சேதம் மட்டும் அவரோடு கப்பல் ஏறி வந்திருந்தது.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள எந்தக் காகிதத்தையும் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறவர் அவர். அலுவலகத்துக்குள் குடை கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தபோது மற்றவர்கள் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்கள். வேலாயுதம் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு இரண்டு மழைக்காலம் நனைந்துகொண்டு வந்தார்.

"கால்ல நீர் கோத்துக்கிச்சுங்க டாக்டர்" என்றார்.

"நீர் இல்ல, நிணநீர்" என்றார் டாக்டர், காலைப் பார்த்து. "ரத்தக் குழாய்ல இருந்து கசிஞ்சு வர்றது. சதைக்குத் தீனி போட்டுட்டுப் பெரும்பகுதி திரும்பிரும். மிச்சத்தை அள்ளிட்டுப் போக மெல்லிசா வேற குழாய் இருக்கு. வழி நெடுக ஒரு பக்கமா மட்டும் திறக்கிற கதவு. தொடையிடுக்குல செக்போஸ்ட்டு, கிருமி வந்தா அங்க வச்சுப் பிடிச்சிருவான். அப்புறம் வயிறு, நெஞ்சுன்னு ஏறி, இடது கழுத்தெலும்புக்குப் பின்னால மறுபடி ரத்தத்துல சேர்ந்துரும். உமக்கு அந்தக் கதவெல்லாம் புழு கெடுத்துட்டு."

வேலாயுதம் கவனமாகக் கேட்டுவிட்டு, "இதை மேல அனுப்புற பொறுப்பு யாருதுங்க?" என்றார்.

"அதான் விஷயம். ரத்தத்துக்கு இதயம் இருக்கு. இதுக்குன்னு ஒருத்தரையும் போடல. குழாயே கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும். மிச்சத்துக்கு நீர் நடக்கணும், மூச்சை இழுத்து விடணும். கெண்டைச்சதை அமுக்குனாத்தான் அது ஏறும்."

"சாங்ஷன் ஆகாத போஸ்ட்" என்றார் வேலாயுதம், புரிந்துகொண்டு.

அவர் மனைவி தனம் பக்கத்தில் நின்றிருந்தார். "இவரு எங்க டாக்டர் நடக்குறாரு? நாற்காலி எந்திரிச்சாத்தான் இவரும் எந்திரிப்பாரு."

டாக்டர் சர்டிபிகேட் எழுதினார். அமர்ந்து பணிபுரியும் நேரம் முழுவதும் இடது பாதம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். கையெழுத்து, முத்திரை. எங்கள் துன்பம் அந்த முத்திரையில் தொடங்கியது.

வேலாயுதம் தச்சரிடம் போய், நூல் பிடித்துத் தம் இதயத்தின் மட்டத்தைக் குறித்துக் கொடுத்து, படாக் மரத்தில் ஒரு கால்தாங்கி செய்துகொண்டார். வியாழக்கிழமை காலை, உயரம் சரியா என்று அளந்துவர டாக்டர் என்னை அனுப்பினார். நான் போனபோது ஹெட்கிளார்க் தம் நாற்காலியில் மல்லாந்தாற்போல் சாய்ந்திருந்தார். மேசையின் மேல் ஃபைல்கள். ஃபைல்களுக்கு மேலே, தாங்கியில், அவருடைய இடது பாதம். அது நேரே சூப்பரின்டெண்ட் அறையின் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சூப்பரின்டெண்ட் சாப் வடக்கத்திக்காரர். பத்து வருடத் தமிழ்ச் சகவாசத்தில் அவருக்கு இந்தியும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"யே க்யா ஹை, வேலாயுதம்?"

"கால், சாப்."

"கால்னு மாலூம் ஹை. என்னை ஏன் பார்க்குது?"

வேலாயுதம் சர்டிபிகேட்டை நீட்டினார். சாப் இரண்டு முறை படித்தார். மருத்துவ உத்தரவை மறுக்க முடியாது. மேசையைத் திருப்பச் சொன்னார். கிழக்கே திருப்பினால் சுவரில் தேசத் தலைவர்களின் படங்கள். மேற்கே திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே பிள்ளையார். தெற்கே திருப்பினால் ஒன்பது ஊழியர்கள். அவர்களில் டைப்பிஸ்ட் அம்மா ஒரு பெங்காலி. "எனக்கு ஒன்றும் இல்லை அண்ணா, ஆனால் தட்டச்சு செய்யும்போது கட்டைவிரல் என்னையே கேள்வி கேட்பதுபோல் இருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். மாலைக்குள் மேசை நான்கு திசையும் சுற்றி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. சாப் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுவாரம் எங்களுக்குக் கடிதம் வந்தது. மேற்படி ஊழியரின் உள்ளங்கால் மருத்துவ ரீதியாக எத்திசையை நோக்கியிருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தக் கோரியிருந்தார்கள். அறையின் வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது, பிள்ளையார் உட்பட. டாக்டர் இரண்டே வரியில் பதில் எழுதினார்: "மருத்துவத்துக்கு மேல், கீழ் என்ற இரண்டு திசைகளே உண்டு. மற்ற எட்டும் தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவை."

அந்தப் பதிலை அவர் எழுதாமலிருந்திருக்கலாம். மெயின்லேண்டிலிருந்து ஒரு மேலதிகாரி ஆய்வுக்கு வரவிருந்த சமயம் அது. காலை மேசைமேல் வைத்த ஹெட்கிளார்க்கை அவருக்குக் காட்ட சாப் விரும்பவில்லை. வேலாயுதத்தை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிட்டார். ஹெட்கிளார்க் பதவிக்குத் தகுதியற்றவர் என்று மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் வேலை போகும். ஷாதிபூரில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அடுத்த கப்பலில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் ஊர் திரும்ப வேண்டும். மூத்தவள் பள்ளி இறுதியாண்டில் இருந்தாள்.

"ஊர்ல எங்களுக்கு யாரு இருக்கா தம்பி?" என்று தனம் என்னிடம் கேட்டார். "சின்னவளுக்குத் தஞ்சாவூர் ஜில்லா எந்தப் பக்கம்னே தெரியாது."

வேலாயுதம் கலங்கவில்லை. "போர்டு சொன்னாப் போக வேண்டியதுதான். கையெழுத்து இருக்கும்ல?"

போர்டுக்கு நாற்பது நாள் இருந்தது. "ஏல முத்து, வேண்டியது மூணுதான்" என்றார் டாக்டர் என்னிடம். "சுத்தம், கட்டு, நடை. ஒருநாள் விடாதே." கட்டுக்கு வேண்டிய கிரேப் பேண்டேஜுக்கு மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தோம். கப்பலில் பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் குழந்தைகளை எடைபோடும் தராசு. ஆகவே டாக்டர் போலீஸ் ஸ்டோருக்கு எழுதி, கான்ஸ்டபிள்கள் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொள்ளும் காக்கிக் கம்பளிப் பட்டி நான்கு ஜோடி வாங்கினார்.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு நான் ஷாதிபூரில் இருப்பேன். அவர் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன் கட்டிவிட வேண்டும். ஊன்றிவிட்டால் இரவெல்லாம் வடிந்தது இறங்கத் தொடங்கிவிடும். படுக்கையிலேயே சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனிப் பஞ்சால் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று இன்னொரு பஞ்சை விட்டுப் பார்ப்பேன். கெண்டைச்சதையின் சுற்றளவை நாடாவால் அளந்து நோட்டில் எழுதுவேன். பிறகு கட்டு. விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலை மூடி, கணுக்காலில் எட்டுப்போல் சுற்றி, முன் சுற்றில் பாதியை அடுத்த சுற்று மறைக்கும்படி முழங்கால்வரை. பாதத்தில் இறுக்கம் அதிகம். மேலே போகப் போகத் தளர வேண்டும். மாறினால் கீழே இருப்பது மேலே போகாது. கட்டிய பிறகு அவர் டெலானிபூர் மேட்டை நடந்தே ஏறி அலுவலகம் போவார். ஒரு காலில் மட்டும் காக்கிப் பட்டி. வழியில் போலீஸ்காரர்கள், "அரை கான்ஸ்டபிள் வர்றார், பாதி சல்யூட் அடிங்கடா" என்பார்கள். அவர் அதற்கும் நின்று பதில் வணக்கம் செய்வார்.

முதல் நாள் பதினெட்டேகால் அங்குலம். பதினெட்டாம் நாள் பதினாறரை. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. சின்னவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.

பத்தொன்பதாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். நான்கு நாளாக விடாத மழை. நான்கு ஜோடிப் பட்டியும் காயவில்லை. இருந்ததில் குறைவான ஈரம் உள்ளதைத் தேர்ந்தெடுத்துக் கட்டிவிட்டேன். காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நோட்டில் பதினெட்டு நாளும் கட்டம் கட்டமாக நிரம்பியிருந்தது. பத்தொன்பதாவது கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை.

இருபதாம் நாள் வேலாயுதத்துக்குக் குளிர்காய்ச்சலில் உடல் தூக்கிப்போட்டது. ஈரத்தில் ஊறி விரலிடுக்கில் தோல் வெடித்திருந்தது. அங்கிருந்து சிவப்புக் கோடு ஒன்று தொடையை நோக்கி ஏறியிருந்தது. தொடையிடுக்கில் நெறி எலுமிச்சை அளவுக்குக் கட்டியிருந்தது. "செக்போஸ்ட்டுல சண்டை நடக்கு" என்றார் டாக்டர். பென்சிலின் ஊசி போட்டார். பிறகு என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நோட்டு ரொம்ப அழகா இருக்குல" என்றார். "காலுக்குத்தான் காய்ச்சல்."

ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. யாரும் என்னை அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை.

கால் பழையபடி பதினெட்டைத் தாண்டியது. ஏழு கட்டங்கள் காலியாகக் கிடந்தன. எட்டாம் நாள் நான் போனபோது தனம் அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தார். பட்டிகள் அதில் தொங்கின. ஒவ்வொன்றையும் எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "காஞ்சிருந்தாத்தான் குடுப்பேன் தம்பி. காயலன்னா இன்னிக்குக் கட்டு கிடையாது. நீங்க நோட்டுல கோடு கிழிச்சுக்குங்க." அதன்பின் ஹெட்கிளார்க்கின் கால் எங்கே போனாலும் விறகுப்புகையும் கடுகு தாளித்த மணமும் கூடவே போயின. கால் மறுபடி இறங்கத் தொடங்கியது.

நாற்பதாம் நாள் போர்டு. காலையில் பதினாறேகால். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேலாயுதம் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்; நானும் தனமும் தூணோரம் நின்றோம். பதினொன்று ஆயிற்று, கூப்பிடவில்லை. கட்டுக்கு மேலேயே அளந்து பார்த்தேன். காலையில் கட்டியதும் எடுத்த அளவைவிடக் கால் அங்குலம் ஏறியிருந்தது. நடக்காத கால், தொங்குகிற கால். வேலை செய்யத் தகுதியுண்டா என்று பார்ப்பதற்கு முன்பே, பார்க்கக் காத்திருக்க வைத்தே காலைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல வந்திருந்த டாக்டர் பர்னாந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் உக்காந்திருக்கீரு? எந்திரிச்சு நடயும்!"

வேலாயுதம் சுவரைக் காட்டினார். அங்கே ஓர் அறிவிப்பு: அழைக்கப்படும்வரை பெஞ்சில் அமர்ந்திருக்கவும். கீழே கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை.

"யோவ், அது கூட்டம் போடாம இருக்கிறதுக்கு, வே!"

"போட்டிருக்குங்களே டாக்டர்."

டாக்டர் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். வேலாயுதத்தின் கண்கள் கலங்கிவிட்டன, ஆனால் எழுந்திருக்கவில்லை. தனம்தான் பெஞ்சருகே வந்தார்.

"யாரு உக்காரணும்னு போட்டிருக்கா?"

வேலாயுதம் மூன்று முறை படித்தார். "பேரு இல்ல."

"அப்ப எந்திரிங்க. நான் உக்காந்திருக்கேன்." உட்கார்ந்துகொண்டார். "பெஞ்சு காலியா இல்ல. இப்ப நீங்க நடங்க."

அவர் எழுந்தார். வராந்தா முப்பத்துநாலு அடி நீளம். அதில் அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போவதும் வருவதுமாக நடந்தார். தனம் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். பட்டியை அவிழ்த்து மூன்று டாக்டர்களும் அளந்தார்கள். பதினாறேகால்.

தலைவர், "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். சாப் அனுப்பிய கடிதத்தை ஒருவர் வாசித்தார். ஹெட்கிளார்க்கின் பணி உட்கார்ந்து செய்வது. நடந்து காட்டுவதால் எதுவும் நிரூபணமாகாது. தலைவர் வேலாயுதத்தைப் பார்த்தார்.

"உட்கார்ந்தால் வீங்குமா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். ஜன்னல் வழியே தனம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீங்குங்க" என்றார் வேலாயுதம். "அசையாம நின்னாலும் வீங்கும். நடந்தா வடியும். எல்லாம் டிரஸ்ஸர் தம்பி நோட்டுல இருக்கு. ஏழு கட்டம் காலி; அது எனக்குக் காய்ச்சல்."

தலைவர் நோட்டைப் புரட்டினார். பிறகு சாப்பின் கடிதத்தை மறுபடி எடுத்து, "ஹெட்கிளார்க் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டார். விதிப் புத்தகம் வந்தது. அரைமணி நேரம் தேடினார்கள். நாற்காலி வழங்கப்பட வேண்டும் என்று இருந்தது. அதில் உட்கார வேண்டும் என்று எங்கும் இல்லை. தீர்ப்பை எழுதினார்கள்: உட்காருவதும் அசையாமல் நிற்பதும் நீங்கலாக, ஹெட்கிளார்க் பதவியின் எல்லாப் பணிகளுக்கும் தகுதியுடையவர்.

வேலாயுதம் வெளியே வந்து காகிதத்தைத் தனத்திடம் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பெஞ்சிலிருந்து எழுந்து, அங்கேயே அழுதார்.

மறுநாளிலிருந்து வேலாயுதம் நெஞ்சுயர அலமாரியின் மேல் ஃபைலை விரித்து எழுதினார். ஒவ்வொரு பாராவுக்கும் அறையை ஒருமுறை சுற்றிவந்தார். கால்தாங்கி போயிற்று. பிள்ளையாருக்கும் தலைவர்களுக்கும் குறை இல்லை. ஆனால் புதுச் சங்கடம் ஒன்று முளைத்தது. ஹெட்கிளார்க் நிற்கும்போது கீழே உள்ளவர்கள் எப்படி உட்காருவது? ஒன்பது பேரும் நின்றார்கள். டைப்பிஸ்ட் அம்மா நின்றபடி தட்டச்சு செய்தார். சாப் அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம், தமக்காகத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, "பைட்டோ, பைட்டோ" என்று கையமர்த்துவார். யாரும் உட்கார மாட்டார்கள். அவர் நெகிழ்ந்துபோய் உள்ளே போவார். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, இவ்வளவு மரியாதை தெரிந்த அலுவலகத்தைத் தாம் பார்த்ததில்லை என்று குறிப்பு எழுதிவிட்டுக் கப்பலேறினார்.

ஊழியர்கள் உட்காரலாம் என்று வேலாயுதம் எழுத்தில் உத்தரவு போட்டார். கையெழுத்தும் இட்டார். அப்போதும் யாரும் உட்காரவில்லை. "உத்தரவு சரிதான் அண்ணே" என்றாராம் அங்கே மூத்த குமாஸ்தா, "முதல்ல யாரு உக்கார்றது?"

ஒரு சனிக்கிழமை வேலாயுதம் எங்கள் கட்டுப் போடும் அறைக்கு வந்தார். அளவு எடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"டாக்டர், நான் ஒரு தடவை உக்காரலாமுங்களா?"

"எவ்வளவு நேரம்?"

"அவங்க ஒன்பது பேரும் உக்கார்ற வரைக்கும். நான் முதல்ல உக்காந்தா அவங்களும் உக்காந்துருவாங்க. அப்புறம் நான் எந்திரிச்சாலும் பாக்காத மாதிரி இருந்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க." சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுக்கொண்டார். "போர்டு கையெழுத்துங்க. இதுவரைக்கும் எதையும் மீறினதில்ல. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

டாக்டர் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். முதல்முறையாகக் காலை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"ஒரு விநாடியில நிணநீர் எங்கயும் தேங்கிராது. ஆனா எழுதித் தர மாட்டேன்."

திங்கட்கிழமை அளவெடுக்க நானே டெலானிபூர் போனேன். பத்து மணி அடித்தது. ஒன்பது பேரும் தங்கள் மேசையருகே நின்றுகொண்டிருந்தார்கள். வேலாயுதம் தம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் கைப்பிடியைத் துடைத்தார். எந்தக் காகிதமும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அறை முழுவதும் நாற்காலிகள் கிரீச்சிட்டன. அவர் எழுந்தார். ஒன்பது தலைகளும் ஃபைல்களுக்குள் குனிந்திருந்தன, ஒன்றுகூட நிமிரவில்லை.

அன்றைய கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: பதினாறு அங்குலம். உட்கார்ந்தது ஒரு விநாடி. வீக்கம் இல்லை.